பாலக்காட்டில் வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வாங்குவது எப்படி: கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருபவர்களுக்கு

வாளையார் தாண்டி வீடு மாறி வருபவர்கள் கரண்ட், கேஸ், ரேஷன் கார்டு மூன்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். தண்ணீர் இணைப்பில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வேலையை அலைந்து முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாலக்காடு நகராட்சி, சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி, சுற்றியுள்ள பஞ்சாயத்துகள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எல்லோருக்கும் பெரும்பாலும் இது பொருந்தும். இங்கே சித்தூர் என்று வருவதெல்லாம் கேரளத்துச் சித்தூர்தான், ஆந்திரத்துச் சித்தூர் இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஃபாரத்தில் இருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது தெருவில் ஓடும் குழாயில் இருந்து. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் அந்தக் குழாய் இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது.

1. எந்த அலுவலகம்?

தமிழ்நாட்டில் சென்னையை விட்டுவிட்டால் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் நகராட்சி, மாநகராட்சி சமாசாரம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நகராட்சிக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். கேரளத்தில் நகரத்துக் குடிநீர் கேரள வாட்டர் அத்தாரிட்டியின் பொறுப்பு. இது 1984 முதல் இருக்கும் மாநில அமைப்பு. தலைமை அலுவலகம் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் உள்ள ஜலபவன். நமக்கு அவ்வளவு தூரம் வேலை இல்லை. உங்கள் பகுதிக்கு ஒரு செக்‌ஷன் அலுவலகம் இருக்கும், அங்கே உதவிப் பொறியாளர் இருப்பார். எல்லோரும் ஏ.இ. என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மேலே சப்-டிவிஷன், அதற்கு மேலே டிவிஷன்.

நகராட்சியோடு உங்களுக்கு இருக்கும் வேலை இரண்டே. வீட்டுக்கு எண்ணும் உரிமைச் சான்றும் வாங்குவது ஒன்று. நகராட்சிச் சாலையை வெட்ட வேண்டியிருந்தால் அதற்கான அனுமதி இன்னொன்று.

பஞ்சாயத்தில் வீடு என்றால் ஒரு குழப்பம் கூடுதலாக உண்டு. சில ஊர்களில் தெருக்குழாய் வாட்டர் அத்தாரிட்டியுடையதாக இருக்காது. ஜலநிதி திட்டத்தில் போடப்பட்டு, ஊர்ப் பயனாளிகள் கமிட்டியே நடத்தும் குழாயாக இருக்கும். அப்படியானால் இணைப்பு, கட்டணம், மீட்டர் எல்லாம் அந்தக் கமிட்டியின் விதிப்படிதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பழைய பில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே யார் பெயர் அச்சிட்டிருக்கிறதோ அவர்களிடம் போங்கள். இந்த ஒரு காரியமே பாதி அலைச்சலைக் குறைக்கும்.

அப்புறம், வாட்டர் அத்தாரிட்டியிடம் சாக்கடை இணைப்பும் சேர்த்துக் கேட்காதீர்கள். அவர்களுடைய கழிவுநீர்க் குழாய் திருவனந்தபுரம், கொச்சியின் ஒரு பகுதி என்று சில இடங்களில்தான் இருக்கிறது. நமக்கு செப்டிக் டேங்க்தான்.

2. குழாயைத் தேடுங்கள்

பாலக்காடு நகரத்துக்கும் அதை ஒட்டிய பஞ்சாயத்துகளுக்கும் தண்ணீர் மலம்புழா அணையில் இருந்து சுத்திகரித்து வருகிறது. சித்தூர்ப் பக்கம் சித்தூர்ப்புழாவை நம்பியது. ஆழியாறு, பரம்பிக்குளம் தண்ணீர் எல்லை தாண்டி எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து அந்த ஆறு ஓடும். கோடையில் இரண்டு பக்கத்துக்கும் நெருக்கடி வேறு வேறு மாதிரி இருக்கும். வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியவை இவை. மெயின் குழாய் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகிறது, உங்கள் பக்கமா எதிர்ப்பக்கமா? அந்தச் சாலை நகராட்சியுடையதா, பஞ்சாயத்துடையதா, பொதுப்பணித் துறையுடையதா? தண்ணீர் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா, எத்தனை மணிக்கு? மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் எப்படி?

இதற்கெல்லாம் நல்ல பதில் அலுவலகத்தில் கிடைக்காது, தெருவில்தான் கிடைக்கும். அந்தத் தெருவுக்கு வால்வு திறந்துவிடுபவர், மீட்டர் ரீடர், நாலு வீடு தள்ளி இருக்கும் வயதான அம்மா ஆகிய மூன்று பேரிடம் கேட்டால் போதும். புரோக்கரைக் கேட்காதீர்கள். அவர் வாயில் எல்லாத் தெருவிலும் 24 மணி நேரமும் தண்ணீர் வரும்.

மேட்டு நிலத்தில் வீடு என்றால் இன்னும் கவனமாக இருங்கள். தெருவில் குழாய் இருக்கும், பக்கத்து வீட்டுக்கு வரும், உங்கள் வீட்டுக்கு ஏறாது. அழுத்தம் போதவில்லை என்று ஏ.இ. எழுதிவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பஞ்சாயத்துப் பகுதியாக இருந்தால், தனியாக விண்ணப்பம் போடுவதற்கு முன்பு ஜல ஜீவன் மிஷன் வேலை உங்கள் வார்டில் நடக்கிறதா என்று வார்டு மெம்பரிடம் கேளுங்கள். 2019-இல் மத்திய அரசு அறிவித்த திட்டம் அது, கிராமப்புற வீடுகளுக்கு மட்டும். அதில் இணைப்பு கிடைத்தால் உங்கள் கையிலிருந்து போகும் பணம் மிகவும் குறைவு. பஞ்சாயத்து எல்லைக்குள் வீடு வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் அலுவலகம் போட்டுத் தரும் முழுச் செலவுக் கணக்கையும் (எஸ்டிமேட்) கட்டுவது வீண்.

3. காகிதங்கள்

வீட்டு உபயோகத்துக்கு அடிப்படையாகக் கேட்பது இரண்டுதான்: நீங்கள் யார் என்பதற்கு ஓர் அடையாள அட்டை, வீடு உங்களுடையது என்பதற்கு ஓர் ஆவணம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. சிக்கல் இரண்டாவதில்.

அடையாளத்துக்கு ஆதாரே போதும். உரிமைக்கு நகராட்சி அல்லது பஞ்சாயத்து தரும் கட்டிட உரிமைச் சான்று, அல்லது உங்கள் பெயரில் கட்டிய கட்டிட வரி ரசீது. நகராட்சிகளில் இவையெல்லாம் 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட் என்ற இணைய வழியில் வந்துவிட்டன. கைப்பேசியிலேயே எடுக்கலாம். பழக்கமில்லாதவர்கள் பக்கத்து அக்ஷயா மையத்துக்கு (நம் ஊர் இ-சேவை மையம் மாதிரி) போங்கள், சிறு கட்டணத்தில் செய்து கொடுப்பார்கள்.

இங்கே தமிழ்நாட்டுப் பட்டா, சிட்டா நினைப்பை விட்டுவிட வேண்டும். கிரயம் முடிந்ததும் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்து, நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸ் நிலக் கணக்கில் உங்கள் பெயருக்கான எண்) வாங்கி, அந்த ஆண்டின் நில வரியை உங்கள் பெயரில் கட்ட வேண்டும். அதே மாதிரி கட்டிடத்தையும் நகராட்சிக் கணக்கில் பெயர் மாற்ற வேண்டும். இது இரண்டும் தனித்தனி வேலை. பத்திரம் கையில் இருக்கிறதே என்று இவற்றைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் தண்ணீர் இணைப்புக் கேட்கும்போதுதான் திரும்ப ஓடுகிறார்கள்.

பெரிய கண்ணி பெயரில் இருக்கிறது. நம் ஆட்களுக்கு ஆதாரில் முன்னால் ஓர் இனிஷியல், பத்திரத்தில் அப்பா பெயர் முழுதாக, வரி ரசீதில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கவுண்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் த சேம்’ சர்டிபிகேட் என்று ஒன்று தருவார்கள். இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று சான்று. அக்ஷயா வழியாகவே விண்ணப்பிக்கலாம். இனிஷியல் பிரச்சினை இருப்பவர்கள் மற்ற எதையும் செய்வதற்கு முன்பு இதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மட்டுமில்லை, கரண்ட், கேஸ், வங்கி எல்லாவற்றுக்கும் உதவும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் அவருடைய உரிமை ஆவண நகலும் இல்லாமல் எதுவும் தொடங்க முடியாது. பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரிலேயே இணைப்பு எடுக்கச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னும் கட்டி முடியாத வீடு என்றால் கட்டுமான வேலைக்குத் தண்ணீர் எந்த வகையில் தருவார்கள் என்று செக்‌ஷனில் முதலிலேயே கேளுங்கள். வீடு அல்லாத வகையின் கட்டணம் பல மடங்கு கூடுதலாக வரும். அந்த வகையில் வாங்கினால், வீடு முடிந்து எண் கிடைத்த மறுநாளே வீட்டு வகைக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். யாரும் தானாக மாற்றித் தரமாட்டார்கள்.

4. விண்ணப்பம் போடுவது

வாட்டர் அத்தாரிட்டியின் இணையதளத்தில் இ-டாப் என்று ஒரு பகுதி இருக்கிறது. புது இணைப்புக்கு அதன் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஸ்கேன் செய்த காகிதங்களை ஏற்றி அனுப்பினால் ஓர் எண் வரும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு எல்லாம் அதை வைத்துத்தான். செக்‌ஷன் அலுவலகத்துக்கு நேரில் போயும் விசாரிக்கலாம்.

படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது கைப்பேசி எண்ணை அக்ஷயாக்காரர் எண்ணாகப் போட விடாதீர்கள். எஸ்டிமேட் வந்த செய்தி, பணம் கட்டச் சொல்லும் செய்தி, பின்னால் பில் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். அதே மாதிரி வீட்டுக்கு அடையாளம் கேட்கும் இடத்தில் பக்கத்து வீட்டு கன்சூமர் நம்பரை எழுதிவிடுங்கள். பார்வையிட வருபவருக்கு வீடும் குழாயும் உடனே பிடிபடும்.

தமிழில் மனு எழுதலாமா என்று கேட்பார்கள். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். சித்தூர் தாலுகாவில் தமிழில் எழுதுவது புதுசும் இல்லை. ஆனாலும் என் யோசனை இது: புகார், வேண்டுகோள் எல்லாம் தமிழில் எழுதுங்கள், இணைப்பு விண்ணப்பத்தில் பெயரையும் முகவரியையும் மட்டும் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்துப்படியே போடுங்கள். உரிமைக்குச் சண்டை போட இன்னும் நிறைய இடம் இருக்கிறது, தண்ணீர் முதலில் வரட்டும்.

5. பார்வையும் எஸ்டிமேட்டும்

விண்ணப்பம் போன பிறகு செக்‌ஷனில் இருந்து இடத்தைப் பார்க்க வருவார்கள். அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். மீட்டர் எங்கே வரும் என்று நீங்களே முடிவு செய்து வைத்திருங்கள். கேட்டைத் திறக்காமலே எட்டிப் பார்க்கக்கூடிய இடமாக, காம்பவுண்டை ஒட்டி இருந்தால் பின்னால் பில் தகராறே வராது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது 8-ஆவது பகுதியில் தெரியும்.

பார்வைக்குப் பிறகு எஸ்டிமேட் வரும். அதில் வைப்புத்தொகை, பார்வைக் கட்டணம், சாலையைப் பழையபடி போட்டுத் தருவதற்கான தொகை என்று தனித்தனியாக இருக்கும். இது வாட்டர் அத்தாரிட்டிக்குக் கட்டுவது. இதைத் தவிர பிளம்பர் கூலி, குழாய், மீட்டர், மீட்டருக்கான பெட்டி இவையெல்லாம் உங்கள் செலவு. எஸ்டிமேட் தொகையைப் பார்த்து ‘அவ்வளவுதானா’ என்று சந்தோஷப்பட்டுப் பிறகு பிளம்பர் கணக்கைப் பார்த்து முழிப்பவர்கள் நிறைய. இரண்டையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும்.

மொத்தச் செலவை ஏற்றுவது சாலைதான். மெயின் உங்கள் பக்கமே ஓடி, மண் ஓரத்தில் தோண்டினால் போதும் என்றால் செலவு கைக்கு அடங்கும். தார்ச்சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டும் என்றால் அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் தூக்கி விழுங்கிவிடும். அதனால்தான் 2-ஆவது பகுதியில் அவ்வளவு கேள்வி.

பணத்தைக் கவுண்டரிலோ இணையத்திலோ மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ‘நானே கட்டிக்கொள்கிறேன், என்னிடம் கொடுங்கள்’ என்று இடையில் யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

6. சாலை வெட்டு

உண்மையான தாமதம் இங்கேதான். நகராட்சி, பஞ்சாயத்துச் சாலை என்றால் அந்த அலுவலகத்தின் அனுமதி. பொதுப்பணித் துறைச் சாலை என்றால் அவர்கள் அனுமதி. தேசிய நெடுஞ்சாலை ஓரம் என்றால் கேட்கவே வேண்டாம், பொறுமை வேண்டும்.

இரண்டு நேரங்களில் அனுமதி கிடைப்பது அரிது. ஒன்று, சாலைக்குப் புதிதாகத் தார் போட்ட உடனே. அந்த நேரத்தில் வெட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள், நியாயமும் அதுதான். உங்கள் தெருவுக்குத் தார் போட டெண்டர் விட்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதற்கு முன்பே இணைப்பை முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று மழைக்காலம். ஜூனில் காலவர்ஷம் பிடித்தால் சாலை வெட்டு வேலைகள் தள்ளிப்போகும். துலாமழை வேறு அக்டோபர், நவம்பரில் வரும்.

கோடையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிணறு வற்றி, எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடுவார்கள். ஆகவே கணக்குப் போட்டால் மழை முடிந்த டிசம்பர், ஜனவரிதான் தோது. அக்டோபரிலேயே காகிதங்களைச் சரிசெய்து வைத்தால் அந்த மாதங்களில் குழி தோண்டலாம்.

7. பிளம்பர், மீட்டர், தொட்டி

மெயின் குழாயில் இருந்து எடுக்கும் வேலையை வாட்டர் அத்தாரிட்டி லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் செய்ய வேண்டும். பட்டியல் செக்‌ஷனில் கிடைக்கும். வீட்டுக்குள் வேலை செய்த பிளம்பர் நல்லவராகவே இருக்கட்டும், லைசென்ஸ் இல்லை என்றால் வீட்டுக்குள் மட்டும். இரண்டு லைசென்ஸ் பிளம்பர்களிடம் விலை கேளுங்கள். கேட்கும்போதே குழி மூடுவது, மீட்டர் பெட்டி கட்டுவது, குழாய் விலை எல்லாம் சேர்த்தா சேர்க்காமலா என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

மீட்டரை நீங்களேதான் வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, செக்‌ஷனில் ஏற்றுக்கொள்ளும் மாதிரியா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பின்னால் மீட்டர் கெட்டுப்போனாலும் மாற்றும் பொறுப்பு உங்களுடையதே, ஆகவே நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடம் இல்லை. பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

தண்ணீர் 24 மணி நேரமும் வராத தெருவில், வந்ததும் நிரம்ப ஒரு தரைத்தொட்டி, அதில் இருந்து மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவது என்பதுதான் சரியான அமைப்பு. வாட்டர் அத்தாரிட்டி குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுவது குற்றம். பிடிபட்டால் இணைப்பே போகும். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பிளம்பர் சொல்வார், கேட்காதீர்கள். அழுக்கு நீரும் அப்படித்தான் உள்ளே வருகிறது. குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் உறிஞ்சும்போது சாக்கடை நீரையும் சேர்த்து இழுக்கும்.

அதே காரணத்துக்காகக் கிணற்று லைனையும் வாட்டர் அத்தாரிட்டி லைனையும் எங்கும் நேராக இணைக்கக் கூடாது. இரண்டும் தொட்டியின் வாயில் தனித்தனியாக வந்து விழட்டும்.

8. பில் கணக்கு

பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மீட்டர் ரீடர் கைக்கருவியில் பார்த்துப் பதிவார், விவரம் கைப்பேசிக்கும் வரும். ஆனால் கட்டண அடுக்கு மாதக் கணக்கில். இரண்டு மாத உபயோகத்தை இரண்டால் வகுத்து, மாதக் கட்டணம் கண்டு, திரும்ப இரண்டால் பெருக்குவார்கள். இது புரியாததால்தான் பாதிப் பேர் தப்பான பில் என்று சண்டைக்குப் போகிறார்கள்.

2023 பிப்ரவரி 3-இல் நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைச் சொல்கிறேன். பில் கைக்கு வரும்போது அதன் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது ஆயிரம் லிட்டர்.

மாதம் 5 யூனிட் வரை குறைந்தபட்சம் 72.05 ரூபாய். அதற்கு மேல் 10 வரை யூனிட்டுக்கு 14.41 வீதம். 10-இல் இருந்து 15 வரை, 144.10 ரூபாயோடு கூடுதல் யூனிட் ஒவ்வொன்றுக்கும் 15.51. இதுவரை நியாயமாகப் போகிறது. 15-ஐத் தாண்டினால் கதை மாறும். 15 முதல் 20 வரை என்றால் கூடுதலுக்கு மட்டும் இல்லை, முதல் யூனிட்டில் இருந்து மொத்தத்துக்கும் 16.62. 20 முதல் 25 வரை மொத்தத்துக்கும் 17.72, 25 முதல் 30 வரை 19.92, 30 முதல் 40 வரை 23.23, 40 முதல் 50 வரை 25.44. 50-க்கு மேல் 1,272 ரூபாயோடு கூடுதல் யூனிட்டுக்கு 54.10.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் 30 யூனிட் ஓடினால் மாதம் 15. மாதக் கட்டணம் 221.65, பில் 443.30. இரண்டு மாதத்தில் 32 ஓடினால் மாதம் 16, கட்டணம் 265.92, பில் 531.84. இரண்டு யூனிட் கூடியதற்கு 88 ரூபாய் 54 பைசா.

15 யூனிட் என்பது நாளைக்கு 500 லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 125 லிட்டர். சாதாரணமாகக் குளித்துத் துணி துவைக்கும் குடும்பம் இந்தக் கோட்டிலேயேதான் நிற்கும். தோட்டத்துக்கும் கார் கழுவவும் கிணற்று நீரை எடுத்தால் கோட்டுக்குள் நிற்கலாம்.

இனி மீட்டரைக் கேட்டுக்கு வெளியில் இருந்து பார்க்கும்படி வைக்கச் சொன்ன காரணம். வீடு பூட்டியிருந்தால் சராசரிக் கணக்கில் பில் போடுவார்கள். பிறகு ஒருநாள் உண்மையான ரீடிங் எடுக்கும்போது மிச்சமெல்லாம் ஒரே பில்லில் வந்து விழும். வாரத்தில் அஞ்சு நாள் கோவைக்கு வேலைக்குப் போய்விடுபவர்கள் மாதா மாதம் ஒரே தேதியில் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு என்று வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

கசிவைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டு, தெருவில் தண்ணீர் இருக்கும் நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் சுற்றினால் மண்ணுக்குள் எங்கோ கசிகிறது. தரைத்தொட்டியின் மிதவை வால்வு தேய்ந்து வழிவதும் அடிக்கடி நடக்கும். மீட்டருக்கு இந்தப் பக்கம் கசிந்தது உங்கள் கணக்கில்தான் ஏறும். கண்ணுக்குத் தெரியாத கசிவால் பில் எகிறியிருந்தால் ‘லீக் பெனிபிட்’ என்று சலுகை கேட்கலாம். தோண்டும்போது எடுத்த படம், சரிசெய்த பிறகு எடுத்த படம், பிளம்பர் பில் மூன்றையும் வைத்து உடனே எழுதிக் கொடுங்கள். மூடிவிட்டுப் போய்ச் சொன்னால் எடுபடாது.

9. கட்டுவது

பில்லில் அபராதம் இல்லாமல் கட்ட ஒரு தேதி, துண்டிப்புக்கு ஒரு தேதி என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். முதல் தேதியைத்தான் காலண்டரில் குறிக்க வேண்டும். வாட்டர் அத்தாரிட்டி தளத்தின் குவிக்-பே வழியாகக் கட்டுவது சுலபம். கன்சூமர் ஐடி, கன்சூமர் நம்பர் இரண்டும் வேறு வேறு. நம்பரின் கடைசியில் டி என்ற எழுத்து இருந்தால் வீட்டு வகை. வீட்டுக்கு வேறு எழுத்து வந்திருந்தால் உடனே செக்‌ஷனுக்குப் போங்கள்.

‘இன்று ராத்திரி உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று வரும் செய்திகளை நம்பி அழைக்காதீர்கள். அது பணம் பறிக்கும் கூட்டம்.

மஞ்சள், பிங்க் ரேஷன் கார்டு (ஏழைக் குடும்பங்களுக்கானவை) உள்ளவர்களுக்கு மாதம் 15 யூனிட் வரை இலவசம். ஆனால் தானாகக் கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுதோறும் ஜனவரியில் புதுப்பிக்கவும் வேண்டும். தமிழ்நாட்டுக் கார்டை வைத்துக்கொண்டு இது நடக்காது. கேரளக் கார்டுக்கு மாறிய பிறகுதான்.

10. பழைய வீடு வாங்குபவர்களுக்கு

இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் கன்சூமர் நம்பரை வாங்கி, பாக்கி எவ்வளவு என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழைய பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொண்டு வரும். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு என்றால் பாக்கியும் அபராதமும் சேர்ந்து பெரிய தொகையாக இருக்கலாம். வருவாய் மீட்பு நடவடிக்கை வரைக்கும் போயிருக்கலாம். கிரய உடன்படிக்கையிலேயே, தண்ணீர், கரண்ட் பாக்கி விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பாக்கியைச் சலுகையோடு தீர்க்க வாட்டர் அத்தாரிட்டி அவ்வப்போது அதாலத் நடத்துவது உண்டு, விசாரியுங்கள்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். செத்துப்போனவர் பெயரில் இருபது வருஷமாகப் பில் கட்டுபவர்கள் இங்கே உண்டு. லீக் பெனிபிட் போன்ற சலுகை கேட்கும்போதுதான் அதன் தொந்தரவு தெரியும்.

11. கிணறு இருக்கிறதே, இணைப்பு எதற்கு?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று கிழக்கே போகப் போக மழை நிழல். ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு கூடுதலாக உள்ள இடங்கள் பதிவாகியிருக்கின்றன. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். புளோரைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது. குழந்தைகள் பல்லில் கறை விழுவதைப் பார்த்த பிறகு தெரிந்துகொள்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். வாட்டர் அத்தாரிட்டியின் தர ஆய்வுக் கூடத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கிணற்று நீரைச் சோதிக்கலாம். மாதிரி எடுக்கும் பாட்டிலையும் முறையையும் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டில் வேண்டும், மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் பயன் இல்லை.

12. தண்ணீர் வரவில்லை என்றால்

முதலில் 1916. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், எண் இல்லாத புகார் புகாரே இல்லை. சாலையில் குழாய் உடைந்து ஓடினாலும் இதே எண்.

அதற்கும் அசையாவிட்டால் ஏ.இ.க்கு எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு சப்-டிவிஷன், டிவிஷன். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்காதீர்கள், ‘ஏன்’ என்பதற்குப் பதில் வராது. ‘என் விண்ணப்ப எண்ணின் மேல் எந்தத் தேதியில் யார் என்ன குறிப்பு எழுதினார், அதன் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.